செவலையிடம் பேசியவர்

எனக்கு எழுபத்தெட்டு வயது ஆகிறது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஏழும் என் பாலைக் குடித்து வளர்ந்ததுதான். பெருமைக்குச் சொல்கிறாயா என்று கேட்டால் ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான். ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகிவிடும். ஆனால் எனக்கு இப்போது என்ன அவசரம்? மிளகு பறித்துக் காயப்போட்டாயிற்று. மரவள்ளி அது பாட்டுக்கு மண்ணுக்குள் கிடக்கிறது.

மூத்தவனைப் பெற்று ஒரு மாதம்கூட ஆகாத சமயத்தில் எனக்கு இடது மார்பில் கட்டி வந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் மூத்தாரைச் சொல்ல வேண்டும். மூத்தார் என்றால் எங்கள் வீட்டுக்காரருக்கு அண்ணன். பனைமரம்போல உயரம், வாழைநார்போல உடம்பு. தோளில் எந்நேரமும் ஒரு கம்பளி. மழைக்கும் அதுதான், வெயிலுக்கும் அதுதான்.

அவருக்குப் பொம்பளைகள் முகத்தைப் பார்த்துப் பேச வராது. கூச்சம் என்றால் சாதாரணக் கூச்சம் இல்லை. ஆம்பளைகள் நடுவில் நன்றாகப் பேசுவார், சிரிப்பு மூட்டுவார், சண்டைகூடப் போடுவார். ஒரு சேலை கண்ணில் பட்டால் போதும், வாய் கட்டிக்கொள்ளும், கழுத்து தானாகத் திரும்பிக்கொள்ளும். அப்படியும் பேசித்தான் ஆக வேண்டும் என்று வந்தால் பக்கத்தில் நிற்கிற மாட்டிடம் பேசுவார்.

“ஏ செவலை, உங்க அம்மாகிட்ட சொல்லு, கூழு ஆறிப்போச்சுன்னு.”

செவலை அவருடைய பசு. உங்க அம்மா என்றால் அவரைப் பெற்றவள், என் மாமியார். பெற்ற தாயிடமே இந்தக் கதை என்றால் மற்றவர்களுக்குக் கேட்பானேன்.

அந்தச் செவலை வந்த கதையே தனிக் கதை. எங்கள் மலையிலேயே தேவனூர் நாட்டில் ஒரு வீட்டுக்கு அவருக்குப் பெண் பார்க்கப் போனார்கள். நான் அப்போது இந்த வீட்டுக்கு வரவில்லை, மாமியார் சொல்லித்தான் தெரியும். பெண் வந்து தினைமாவு வைத்துவிட்டு நின்றதாம். இவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அங்கே ஒரு செவலைக் கன்று, மடி வளர்கிற வயசு. அதைத் தடவிக்கொண்டே ஒரு நாழிகை பேசிக்கொண்டிருந்தாராம். பெண்ணுக்கு என்ன வேலை தெரியும், சாமை குத்துமா, காட்டுக்குப் போகுமா என்று எல்லாவற்றையும் அந்தக் கன்றிடம் கேட்டாராம். பெண் கதவோரம் நின்று கேட்டுவிட்டு, “இவரு என்னையக் கட்ட வந்தாரா, கன்னுக்குட்டியக் கட்ட வந்தாரா” என்று சொல்லிச் சிரித்ததாம். சம்பந்தம் முறிந்தது. வரும்போது கன்றை விலை பேசிப் பிடித்துக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் யாரும் பெண் பார்க்கக் கூப்பிடவும் இல்லை, இவர் போகவும் இல்லை.

மாட்டு வைத்தியம் அவருக்குக் கை வந்தது. மடி வீங்கின மாடு என்றால் சுற்றுவட்டத்தில் அவரைத்தான் தேடுவார்கள். வெந்நீர்த் துணி வைத்து, தேங்கின பாலை மெள்ள மெள்ளப் பீச்சிக் கீழே விட்டு, கன்றை அந்தக் காம்பிலேயே முட்ட விடுவார். ஒரு நாள் அப்படி ஒரு வீட்டு மாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டு மருமகள், கைக்குழந்தைக்காரி, வாசலில் நின்று மாட்டைப் பார்த்துச் சொன்னாளாம். “உனக்கு வந்த நோவு எனக்கும் வந்திருக்குது, உன் வைத்தியரு எனக்கும் ஒரு வழி சொல்வாரான்னு கேளு.”

அப்படித்தான் பிள்ளை பெற்றவர்களுக்கும் அவர் வைத்தியம் ஆரம்பித்தது.

தொடுவது இருக்கட்டும், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். மூன்று கொய்யா கொண்டுவருவார். ஒன்று காய், ஒன்று செங்காய், ஒன்று நல்ல பழம். பின்னால் கை நீட்டி வாசற்படியில் வைப்பார். உள்ளே இருக்கிறவள் ஒரு கையால் கொய்யாவையும் மறு கையால் கட்டியையும் அமுக்கிப் பார்த்து எது எதைப்போல இருக்கிறது என்று சொல்ல வேண்டும். காயைப்போல இருந்தால் பால் கட்டியிருக்கிறது, இன்னும் சீழ் பிடிக்கவில்லை. கேப்பைக் களியைத் துணியில் வைத்து இளஞ்சூடாக ஒத்தடம் கொடுக்க வேண்டும், பாலை நிறுத்தக் கூடாது, பிள்ளை குடித்தது போக மிச்சத்தைப் பீச்சிவிட வேண்டும். செங்காய் என்றால் தினமும் பார்க்க வேண்டும். பழம் என்றால் உள்ளே சீழ் கூடிவிட்டது, இனி ஒத்தடம் உதவாது, கீழே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கீறிக்கொள்ள வேண்டும்.

“நீங்களே கீறிவிடுங்களேன், மாட்டுக்குக் கீறுறீங்களே” என்று ஒருத்தி கேட்டதற்கு, அந்த வீட்டு மாட்டிடம், “என் கத்தி மாட்டுக் கத்தின்னு சொல்லு” என்றாராம்.

ஒரு வீட்டில் மாடு கிடையாது. ஆடும் கிடையாது. ஒரு கோழிதான் இருந்தது. அதைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார். “காம்புல வெடிப்பு இருக்குதான்னு கேளு.” கோழி ஓடிவிட்டது. இவர் பின்னாலேயே ஓடினார். “காய்ச்சல் எத்தன நாளா அடிக்குதுன்னு கேளு.” கோழி வைக்கோல்போரைச் சுற்ற, இவரும் சுற்ற, உள்ளே இருந்தவளுக்கு மார்வலியோடு சிரிப்பும் வந்து, “ஐயா நின்னு கேளுங்க, நோவு தாங்க முடியல” என்று அழுதுகொண்டே சிரித்தாளாம். அதிலிருந்து எங்கே போனாலும் செவலையைக் கூட்டிக்கொண்டு போவார்.

இப்போது என் கதைக்கு வாரேன்.

மூத்தவன் பிறந்த மூன்றாம் வாரம். ஈறு மட்டும் இருக்கிற வாய்தான், ஆனாலும் என்ன இழுப்பு. காம்பில் வெடிப்பு வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன். பிறகு அந்தப் பக்கம் கொடுக்கிறதைக் குறைத்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. பால் தேங்கி, இடது மார்பு கல்லாட்டம் ஆகி, காய்ச்சல் வந்தது.

மாமியார் பார்த்தாள். “பால் கெட்டுப்போச்சுடி. கொழந்தைக்குக் குடுக்காத” என்றாள். சேந்தமங்கலத்துக்கு மிளகு கொண்டுபோனவர்களிடம் சொல்லி மல்லிகைப்பூ வாங்கி வரச்செய்து, மார்பில் வைத்து இறுக்கிக் கட்டிவிட்டாள். பூ வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பிள்ளைக்குக் கேப்பைக் கஞ்சித் தெளிவு. அது துப்பித் துப்பி அழுதது.

மூத்தார் அன்றைக்குத்தான் தினைக்காட்டிலிருந்து வந்தார். பூ வாசம் அடித்ததும் செவலையிடம் போனார்.

“செவலை, எதுக்கு இந்த வாசம்?”

“மாருல கட்டியிருக்குதுடா. பால் வத்தோணும்” என்றாள் மாமியார், அவளும் மாட்டைப் பார்த்து. அந்த வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது.

“பூவத் தலையில வெக்கச் சொல்லு செவலை. கொழந்தைய வலப்பக்கம் போடச் சொல்லு. எடப்பக்கத்துப் பாலப் பீச்சி வெளிய எடுக்கச் சொல்லு. அது போறதுக்கு வழி வேணும்.”

“இவனுக்கு என்னடி தெரியும், பெத்தவனா இவன்” என்று மாமியார் முணுமுணுத்தாள். ஆனால் அவிழ்த்துவிட்டாள். பிள்ளை வலது பக்கம் குடித்துத் தூங்கிற்று.

படியில் கொய்யா மூன்றும் வந்தது. அமுக்கிப் பார்த்தேன். “செங்காயுங்க” என்று செவலைக்குச் சொன்னேன்.

மறுநாளும் செங்காய். அதற்கு மறுநாளும் செங்காய். ஒத்தடம் நடந்தது, பாலை மாமியார் பீச்சிவிட்டாள். அவள் பீச்சும்போது எனக்குக் கண்ணில் பூச்சி பறக்கும். ஆனாலும் வீக்கம் வடியவில்லை. நாலாம் நாள் மத்தியானம் குளிர் எடுத்தது. சித்திரை வெயில், எனக்குப் பல் கிடுகிடுவென்று அடிக்கிறது. மூன்று கம்பளி போர்த்தியும் உடம்பு துள்ளுகிறது. கொஞ்ச நேரத்தில் அதுவே நெருப்பாகக் காய்கிறது.

மூத்தார் வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் குரல் சரியில்லை.

“செவலை, இன்னைக்காச்சும் பழத்தாட்டம் இருக்குதான்னு நல்லா அமுக்கிப் பாக்கச் சொல்லு.”

பார்த்தேன். இல்லை. மேலே கெட்டியாகத்தான் இருந்தது.

“செங்காயேதாங்க.”

“குளுரு எப்பிடி வரும்? செங்காயா இருந்தா குளுரு வரக்கூடாதே” என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. காய்ச்சலில் வந்த கோபம். உயிர் போகிறது, இவர் மாட்டிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் பதினேழு வயதுக்காரி, மூத்தார் முன்னால் வாய் திறந்து ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசக் கூடாது. ஆனாலும் பேசினேன்.

“ஏ செவலை, உங்க ஐயனக் கேளு. பலாவ யாராச்சும் அமுக்கிப் பாத்துப் பழமா காயான்னு சொல்லுவாங்களா? மேல முள்ளும் தோலும் கல்லாட்டந்தான் இருக்கும். உள்ள பழுத்து ஒழுகிக்கிட்டு இருக்கும். அமுக்கறவளுக்கு என்ன தெரியும்?”

மாமியார் “அடியே” என்றாள். செவலை அசை போட்டுக்கொண்டிருந்தது.

மூத்தார் எழுந்தார். தண்ணீர்ப் பானையில் மொண்டு கையைக் கழுவினார். முழங்கை வரைக்கும் கழுவினார். பிறகு திரும்பினார்.

எங்கள் வீட்டுக்காரர் பிள்ளையை வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தார். “அண்ணா” என்றார். தம்பி பெண்டாட்டியை அண்ணன் திரும்பிப் பார்த்தான், மேலே கை வைத்தான் என்று தெரிந்தால் நாட்டார், அதாவது எங்கள் நாட்டுப் பெரியவர்கள், கூடி அவரைத் தள்ளி வைப்பார்கள். அப்புறம் நெருப்புக் கொடுக்க மாட்டார்கள், தண்ணீர் கொடுக்க மாட்டார்கள், கோவிலுக்குள் விட மாட்டார்கள். அது அங்கே இருந்த நாலு பேருக்கும் தெரியும்.

“பெரியவங்க கேட்டா நான் சொல்லிக்கறேன். நீ வெளிச்சத்த மறைக்காத” என்றார்.

உள்ளே வந்து உட்கார்ந்தார். மாமியார் முந்தானையை விலக்கினாள். அவர் பார்த்தார். மேல்தோல் சிவந்து எண்ணெய் பூசினாற்போலப் பளபளவென்று இருந்தது. ஒரே ஒரு விரலை வைத்து அமுக்கி எடுத்தார். விரல் எடுத்த இடத்தில் குழி அப்படியே நின்றது, ஈரக் களிமண்ணில் குத்தினாற்போல. அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தை நிமிர்த்தி, மாட்டைத் தேடாமல், என்னைப் பார்த்துச் சொன்னார்.

“உள்ளார பழுத்திருச்சு கண்ணு. நான் ஏமாந்துட்டேன். பொறப்படு.”

கம்பளியை மூங்கிலில் கட்டித் தூளியாக்கி என்னைத் தூக்கிப்போட்டுக்கொண்டு மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கினார்கள். அப்போது ரோடு ஏது, ஒற்றையடித்தடம்தான். முன்பக்கம் எங்கள் வீட்டுக்காரர், பின்பக்கம் பங்காளி ஒருவர். மாமியார் பிள்ளையோடு வந்தாள், பிள்ளை அழும்போதெல்லாம் தூளியை இறக்கி வலப்பக்கம் கொடுத்தேன். மூத்தார் எல்லோருக்கும் முன்னால் போனார். அவருக்கு முன்னால் செவலை போயிற்று. “மாடு எதுக்கு அண்ணா” என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டதற்கு, “ஆஸ்பத்திரியில டாக்டரம்மாவாமா, நான் எப்பிடிப் பேசறது” என்றார்.

அப்படியே ஆயிற்று. காரவள்ளியில் மாட்டுவண்டி பிடித்து ஆஸ்பத்திரி சேர்ந்தபோது, செவலையும் பின்னாலேயே நடந்து வந்து மரத்தடியில் நின்றது. டாக்டரம்மா என்னை அமுக்கிப் பார்த்துவிட்டு, “மேலே கெட்டியாகத்தானே இருக்கிறது, சீழ் என்று யார் சொன்னது” என்று கேட்டாள். எங்கள் ஆள்கள் மூத்தாரைக் காட்டினார்கள். அவர் மாட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“செவலை, டாக்டரம்மாகிட்ட சொல்லு. குளுரு வந்துச்சு. அமுக்குனா குழி நிக்குது. ஆழத்துல இருக்குது, அதனால மேல மெத்துன்னு ஆகல.”

டாக்டரம்மா ஒரு கணம் அவரைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள். கெட்டிக்காரி. அவளும் செவலை பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“செவலை, உங்க ஐயா சொல்றது சரிதான். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும். இத்தனை நாள் பாலை எடுத்துவிடச் சொன்னது யார் என்று கேளு.”

“அதுவும் நான்தான்னு சொல்லு” என்றார் மூத்தார். பின்கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது.

மயக்கம் கொடுத்துக் கீறினார்கள். ஒரு சொம்புச் சீழ் என்று மாமியார் சொல்வாள், அவள் அரைச் சொம்பை ஒரு சொம்பு என்கிறவள். உள்ளே துணித் திரி வைத்து, தினம் எடுத்துவிட்டு வேறு திரி வைத்தார்கள். பத்து நாள் இருந்தேன். கீறின பக்கத்துப் பாலைக் கையால் எடுத்துக்கொண்டே இரு, வற்ற விடாதே, ஆறினதும் பிள்ளையை அதிலும் போடு என்றாள் டாக்டரம்மா.

மலை ஏறி வந்து எட்டாம் நாள், நாட்டார் கூடினார்கள்.

கோவிலுக்கு முன்னால் பாறையில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தார் கம்பளியை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். பொம்பளைகள் நாங்கள் தள்ளி நின்றோம். யார் போய்ச் சொன்னார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, தூக்கி வந்த பங்காளியாக இருக்கும்.

“தம்பி பொண்டாட்டியத் திரும்பிப் பாத்தியா?” என்று கேட்டார் நாட்டுப் பெரியவர்.

“பாத்தனுங்க.”

“தொட்டியா?”

“ஒரு வெரல்ல தொட்டனுங்க.”

“தெரியாமப் பண்ணிட்டேன், இனிமேல் பண்ண மாட்டேன்னு சாமி முன்னால சொல்லிப்போடு. விட்டரலாம்.”

மூத்தார் காலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றார். சொல்லிவிட்டால் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

“தெரிஞ்சேதானுங்க பண்ணுனேன்” என்றார். “மொத நாளே திரும்பிப் பாத்திருந்தா அந்தப் புள்ள அத்தன நோவு பட்டிருக்காது. இன்னொருத்திக்கு வந்தாலும் பாப்பனுங்க.”

கூட்டத்தில் சலசலப்பு. “அப்பறம் என்ன பேச்சு, தள்ளி வெய்யுங்க” என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள்.

நான் யாரிடமும் கேட்கவில்லை. மாமியார் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு நேராகப் போய்ப் பெரியவர்களுக்கு எதிரில் பாறையிலேயே உட்கார்ந்தேன். முந்தானைக்குள் பிள்ளையை இடப்பக்கம் போட்டேன். அது பசியில் இருந்தது, சப்புகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பெரியவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து நாட்டுப் பெரியவர், மரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“கொழந்த குடிக்குதா?”

“குடிக்குதுங்க.”

“எந்தப் பக்கம்?”

“கீறுன பக்கமுங்க.”

அவர் தொண்டையைச் செருமினார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

“ஊட்டுப் பெரிய பொம்பள ஒருத்தி பக்கத்துல இருக்கோணும். இருந்தா, அவன் பாக்கட்டும். போங்கப்பா, காட்டுல சோலி இல்லையா எல்லாருக்கும்.”

அதற்கப்புறம் எத்தனையோ பேருக்கு அவர் பார்த்தார். கொய்யாவை விட்டுவிட்டார். கையைக் கழுவிவிட்டு, ஒரு விரல் வைத்து, குழி நிற்கிறதா என்று பார்ப்பார். ஆனால் பேசுகிறது என்னவோ செவலையிடம்தான், அது போன பிறகு அதன் கன்றிடம். என்னிடமும் அப்படித்தான். நான் இன்னும் ஆறு பிள்ளை பெற்றேன். ஒவ்வொன்றுக்கும் வந்து, “பால் நல்லா எறங்குதான்னு கேளு” என்று மாட்டிடம் கேட்டுவிட்டுப் போவார். ஒரே வீட்டில் இருபத்தாறு வருஷம் இருந்தோம். என்னைப் பார்த்து அவர் பேசினது அந்த ஒரு நாள்தான். அதில் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டார், தான் ஏமாந்ததையும் ஒத்துக்கொண்டார். ஆம்பளைகள் நிறையப் பேரோடு நான் பழகியிருக்கிறேன். இப்படி ஒரு பேச்சு வேறு யாரிடமும் கேட்டதில்லை.

கண்ணு, பாட்டிகிட்ட வா சாமி, எழுதி முடிச்சாச்சு. எழுதுனத மொதல்ல இருந்து சத்தமாப் படி. மூத்தார் பேர நாங்க வாயால சொல்லவும் கூடாது, கையால எழுதவும் கூடாது. பழக்கத்துல எங்கியாச்சும் எழுதிப்போட்டனான்னு பாத்துக்க. இருந்தா அடிச்சுப்போடு. மத்ததெல்லாம் அப்பிடியே இருக்கட்டும். மெதுவாவே படி.